பாதைகள் வளர்த்த ஊர்

நுழையும்முன்

சாலைக்கும் பாலத்துக்கும் தொடர்வண்டிப் பாதைக்கும் செலவிடும் பணம் விதைத்த ஆண்டிலேயே அறுவடையாவதில்லை. அவற்றைக் கட்டி முடிக்கும் காலம் நீண்டது. பயன் புலப்படும் காலம் அதனினும் நீண்டது. அப்பயன் எவ்வாறு பெருகுகிறது, யாரைச் சென்றடைகிறது, யாரைச் சென்றடையத் தவறுகிறது என்பவற்றைச் சென்னை மாநகரின் ஈக்காட்டுத்தாங்கல் பகுதியை முன்வைத்து விளக்குகிறது இக்கட்டுரை.

ஆறும் பாலமும்

மழைநீரைத் தாங்கி நிற்கும் சிறு நீர்நிலையைத் தாங்கல் என்பது தமிழர் வழக்கு. வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எனச் செங்கல்பட்டு, சென்னைப் பகுதிகளில் இப்பெயர் தாங்கிய ஊர்கள் பல. அவற்றுள் ஒன்று ஈக்காட்டுத்தாங்கல். இன்று அங்கே நீர்நிலையைத் தேடிக் காண்பது அரிது. தூண்களின்மேல் விரையும் மெட்ரோ இரயிலும், அதன்கீழ் இரவிலும் ஓயாத நூறடிச் சாலையும், இருபுறமும் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களுமே கண்ணுக்குத் தெரிகின்றன.

ஈக்காட்டுத்தாங்கல் அடையாற்றின் தென்கரையில் உள்ளது. பழைய சென்னை நகரமோ ஆற்றுக்கு வடக்கே வளர்ந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் தென்கரை ஊர்களுக்கும் நகருக்குமான தொடர்பு அறுந்துவிடும். எனவே தென்கரையின் வளர்ச்சி ஆற்றைக் கடக்கும் வசதியிலிருந்தே தொடங்கியது எனலாம். கீழ்த்திசையில் சற்றுத் தொலைவிலுள்ள சைதாப்பேட்டையில் 1726ஆம் ஆண்டு அடையாற்றின் குறுக்கே ஒரு பாலம் எழுந்தது. அதைக் கட்டியது அரசன்று. ஆர்மீனிய வணிகரான கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர். பரங்கிமலைக்குச் செல்லும் வழிபாட்டினர் ஆற்றைக் கடக்க இடர்ப்படுவதைக் கண்ட அவர், 30,000 வராகன் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். பாலத்தின் பராமரிப்புக்கெனவும் தனியே ஒரு தொகையை ஒதுக்கினார். கட்டியதோடு கடமை முடிந்தது என்று கருதாத அந்த முன்யோசனை, பிற்காலத் திட்டங்கள் பலவற்றில் காணக் கிடைக்காத ஒன்று.

உஸ்கான் எண்ணிப் பார்த்தது மலைக்குச் செல்லும் அடியவர்களை மட்டுமே. ஆனால் அந்தப் பாலத்தின் வழியே தெற்கு நோக்கி நீண்ட பாதை, நகரைத் தென்மாவட்டங்களோடு இணைக்கும் பெருவழியின் தொடக்கமாயிற்று. பழைய பாலம் இருந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டதே இன்றைய மறைமலையடிகள் பாலம். போக்குவரத்து உட்கட்டமைப்பின் முதல் இயல்பு இங்கே தெளிவாகிறது. கட்டியவர் கருதிய பயனைவிட, கருதாத பயனே காலப்போக்கில் பெரிதாகிவிடுகிறது.

தொழிற்பேட்டை ஏன் கிண்டிக்கு வந்தது?

1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரை – தாம்பரம் இடையே மீட்டர் பாதையில் மின்தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. அந்நாளில் தாம்பரம் வரையிலான வழியில் வயல்களும் தோப்புகளும் மிகுந்திருந்தன. அவ்வளவு மக்கள் இல்லாத திசையில் மின்தொடர்வண்டி எதற்கு என்று எவரேனும் கேட்டிருந்தால் அக்கேள்வியை நியாயமற்றது என்று தள்ளியிருக்க முடியாது. விடை வருவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில்துறை அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958இல், கிண்டித் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. சிறுதொழில் முனைவோரிடம் திறமை இருந்தது; இடமும் மின்சாரமும் கட்டடமும் இல்லை. அவற்றை அரசே ஓரிடத்தில் அமைத்துக் கொடுப்பது என்பதே தொழிற்பேட்டைத் திட்டத்தின் கருத்து. அதற்கென ஏறத்தாழ 400 ஏக்கர் நிலம் கிண்டியில் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குப் போக்குவரத்து வசதி வலுவான காரணம். ஒருபுறம் மின்தொடர்வண்டி நிற்கும் கிண்டி நிலையம். மறுபுறம் தெற்கே செல்லும் பெருஞ்சாலை. தொழிலாளி தொடர்வண்டியில் வரலாம். சரக்கு சாலையில் செல்லலாம். ஈக்காட்டுத்தாங்கல் இத்தொழிற்பேட்டையின் மேற்கு விளிம்பை ஒட்டிய ஊர்.

தொழிற்பேட்டைக்கு அருகில் ஊர் ஏன் வளர்கிறது என்பதை ஒரு பட்டறையைக் கொண்டு விளக்கலாம். கடைசல் இயந்திரம் வைத்திருப்பவர் ஓர் இரும்புத் துண்டைக் கடைந்து முடித்ததும், அதற்கு முலாம் பூச வேறொரு பட்டறை வேண்டும். வார்ப்பு வேலைக்கு மற்றொன்று. உதிரிப் பாகத்துக்கு ஒரு கடை. பழுதான இயந்திரத்தைச் சரிசெய்ய ஒரு கைதேர்ந்த தொழிலாளி. இவை அனைத்தும் மிதிவண்டித் தொலைவில் இருக்குமானால் வேலை விரைந்து முடியும், செலவும் குறையும். ஒரு பட்டறை இன்னொன்றை ஈர்க்கும். பல பட்டறைகள் சேர்ந்து தேநீர்க் கடையையும் உணவகத்தையும் வாடகை வீட்டையும் ஈர்க்கும். பொருளியலார் இதைக் குவிதலின் பயன் என்பர். போக்குவரத்து எளிதாக உள்ள இடத்திலேயே இக்குவிதல் நிகழ்கிறது. சாலை தானாகத் தொழிலைப் படைப்பதில்லை. தொழில் குவிவதற்கான செலவை அது குறைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. ஆங்கிலேயர் காலத்து இந்தியத் தொடர்வண்டிப் பாதைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் டேவ் டொனால்ட்சன், பாதை சென்றடைந்த மாவட்டங்களில் வேளாண்மையின் உண்மை வருமானம் சுமார் 16 விழுக்காடு உயர்ந்ததாகக் கணித்துள்ளார். விளைபொருள் தொலைவிலுள்ள சந்தைக்குக் குறைந்த செலவில் சென்று சேர்ந்ததே அதற்கு முதன்மைக் காரணம்.

நூறடிச் சாலை

நகரின் நடுவிலிருந்து புறப்பட்டு வெளியே செல்லும் சாலைகள் ஒருவகை. அச்சாலைகளைக் குறுக்கே இணைத்து நகரைச் சுற்றிவரும் சாலைகள் மற்றொரு வகை. சென்னையின் உள்வட்டச் சாலை இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஈக்காட்டுத்தாங்கலின் ஊடே செல்லும் அதன் பகுதிக்கு சவகர்லால் நேரு சாலை என்று பெயர். மக்கள் வழக்கில் நூறடிச் சாலை. தெற்கே கத்திப்பாராவில் தொடங்கும் அது, அசோக் நகர், வடபழனி வழியாகக் கோயம்பேட்டை நோக்கிச் செல்கிறது.

இச்சாலையின் முழுப்பயன் கோயம்பேட்டில் வெளிப்பட்டது. சென்னை நகரின் காய்கறி வணிகம் நெடுங்காலமாகக் கொத்தவால்சாவடியின் குறுகிய தெருக்களில் நெருக்குண்டு கிடந்தது. 1996இல் அது கோயம்பேட்டு மொத்த அங்காடிக்கு இடம் பெயர்ந்தது. 2002இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் அங்கே அமைந்தது. நகரின் மையத்தைத் தொடாமலே சரக்குந்துகளும் பேருந்துகளும் வந்து செல்ல நூறடிச் சாலை வழிவிட்டது. சாலை முன்பே இல்லாதிருந்தால் அங்காடியை அங்கே மாற்றும் எண்ணம் ஏட்டளவிலேயே நின்றிருக்கும்.

தென்முனையில் கத்திப்பாராச் சந்திப்பு நெரிசலின் மறுபெயராக இருந்தது. அண்ணா சாலை, பெருந்தென் தடச் சாலை, பூவிருந்தவல்லிச் சாலை, உள்வட்டச் சாலை ஆகியவை ஒன்றுகூடும் இடம் அது. 2008இல் நான்கிதழ் மலர்போன்ற அமைப்புடைய மேம்பாலம் அங்கே திறக்கப்பட்டது. பூவிருந்தவல்லிச் சாலை வழியே திருப்பெரும்புதூரின் மகிழுந்துத் தொழிற்சாலைகளை அடையலாம். தென்தடச் சாலை வழியே வானூர்தி நிலையத்தையும் தாம்பரத்தையும் அடையலாம். அவ்விரு திசைகளுக்கும் அருகில் ஓர் அலுவலகம் வேண்டும் என்று தேடிய நிறுவனங்களின் பார்வை, கிண்டியின் மீதும் ஈக்காட்டுத்தாங்கலின் மீதும் விழுந்தது. பழைய பட்டறைகள் இருந்த மனைகளில் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும் தொலைக்காட்சி அலுவலகங்களும் எழுந்தன.

இந்தியா முழுவதற்கும் இத்தகைய சான்று உண்டு. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு மாநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் நீளம் 5,846 கிலோமீட்டர். அச்சாலையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் அமைந்த மாவட்டங்களில் உற்பத்தித் தொழில் குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்ததாக ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

காலியாக ஓடிய தொடர்வண்டி

2015ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே சென்னையின் முதல் மெட்ரோ இரயில் ஓடியது. நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், நிலையங்கள் ஏழு, அவற்றுள் ஆலந்தூருக்கு முந்தையது ஈக்காட்டுத்தாங்கல். தொடக்க நாள்களின் வியப்பு அடங்கியதும், இருக்கைகள் பல காலியாகவே சென்றன. இத்தனை கோடி செலவிட்டது வீணோ என்ற ஐயம் நாளேடுகளிலும் மக்கள் பேச்சிலும் எழுந்தது.

அந்த ஐயத்துக்கு விடை கணிதத்தில் உள்ளது. பதினோராம் வகுப்பு மாணவர் கணிதப் பாடத்தில் சேர்வுகள் என்னும் பகுதியைப் பயில்கின்றனர். ஏழு நிலையங்களிலிருந்து இரண்டிரண்டாகத் தேர்ந்தால் 21 இணைகள் கிடைக்கும். அதாவது, ஏழு நிலையங்கள் கொண்ட பாதை 21 வகைப் பயணங்களுக்கு மட்டுமே உதவும். கோயம்பேட்டில் ஏறி ஆலந்தூரில் இறங்குபவர் எத்தனை பேர் இருப்பர்? முதற்கட்டத் திட்டம் 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை நிறைவுற்றபோது நிலையங்கள் 32 ஆயின. அப்போது கிடைக்கும் இணைகள் 496. நிலையங்களின் எண்ணிக்கை ஐந்து மடங்குகூட உயரவில்லை. இயலக்கூடிய பயணங்களோ இருபத்து மூன்று மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிட்டன.

பயணியர் எண்ணிக்கை இதை மெய்ப்பித்தது. 2015 முதல் 2018 முடிய, மூன்றரை ஆண்டுகளில் மெட்ரோவில் பயணம் செய்தோர் 2.80 கோடிப் பேர். 2019 என்னும் ஒரே ஆண்டில் 3.28 கோடிப் பேர். பெருந்தொற்றுக் காலத்தில் சரிந்த எண்ணிக்கை பின்னர் மீண்டெழுந்து, 2023இல் 9.11 கோடியையும் 2024இல் 10.52 கோடியையும் தொட்டது. 2015இல் காலியாக ஓடிய தொடர்வண்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் அத்தீர்ப்பு பிழையாகியிருக்கும்.

எண்ணிக்கையில் அடங்காத பயன் ஒன்றும் அதே ஆண்டில் தெரிந்தது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஈக்காட்டுத்தாங்கலின் தாழ்வான தெருக்களில் வீடுகள் மூழ்கின. வானூர்தி நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. சாலைகள் நீரில் மறைந்த அந்நாள்களில், உயர்த்திய பாதையில் மெட்ரோ இரயில் இயங்கியது. முன்பு காலி இருக்கைகளோடு சென்ற பெட்டிகளில் மக்கள் நெருக்கியடித்து ஏறினர். ஆற்றைக் கடப்பதற்கு உஸ்கான் தேடிய வழி, கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் கழித்து, மீண்டும் உயிர்காக்கும் தேவையாயிற்று.

இணையாத முனைகள்

எல்லாப் பாதையும் இவ்வாறு பயன் தந்துவிடவில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் பறக்கும் இரயில் 1995இல் சேப்பாக்கம் வரையிலும் 1997இல் மயிலாப்பூர் வரையிலும் வந்தது. வேளச்சேரியை அடைந்தது 2007இல். அங்கிருந்து பரங்கிமலை வரை எஞ்சியது ஐந்து கிலோமீட்டர் மட்டுமே. 2008இல் தொடங்கிய அப்பணி, ஆதம்பாக்கம் பகுதியில் ஒரு சிறு தொலைவுக்கான நில எடுப்பு வழக்குகளால் பத்தாண்டுகளுக்கும் மேலாக முடங்கியது. அந்த ஐந்து கிலோமீட்டர் இணைந்தால்தான் மயிலாப்பூரில் ஏறுபவர் தாம்பரம் செல்லும் தொடர்வண்டியையும் மெட்ரோவையும் ஒரே இடத்தில் பிடிக்க முடியும். அதுவரை, பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய நிலையங்களின் அகன்ற கூடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அங்கே குறையாக இருந்தது கான்கிரீட்டு அன்று, இணைப்பு.

நிறுவனங்களுக்கிடையிலான இணைப்பும் அவ்வாறே. பேருந்து ஒரு கழகத்திடம், புறநகர்த் தொடர்வண்டி நடுவண் அரசின் துறையிடம், மெட்ரோ வேறொரு நிறுவனத்திடம். மூன்றையும் ஒருங்கிணைக்கும் பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. மூன்றிலும் செல்லத்தக்க ஒரே பயணச்சீட்டைத் தரும் ‘சென்னை ஒன்று’ செயலி மக்கள் கைக்கு வந்தது 2025இல். ஒரு பாலம் கட்டுவதைவிட ஒரு பயணச்சீட்டை இணைக்க நீண்ட காலம் ஆனது சற்றே வியப்புக்குரியது.

கடனும் காலமும்

மெட்ரோ முதற்கட்டத்தின் செலவில் பெரும்பகுதி சப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனால் ஆனது. 2008இல் கையெழுத்தான முதல் கடன் ஒப்பந்தத்தின் திருப்பிச் செலுத்தும் காலம் 30 ஆண்டுகள். அவற்றுள் முதல் பத்தாண்டுகள் சலுகைக் காலம். வணிக வங்கிகள் தரும் குறுகிய காலக் கடனைக் கொண்டு இத்தகைய பணிகளைச் செய்ய இயலாது. பயன் முப்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு விரியும்போது அதற்கான சுமையையும் அவ்வாறே விரித்து வைப்பது நியாயம்தான். ஆயினும் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. 2008இல் கையெழுத்திட்டவர்கள் வேறு. 2038இல் வரி செலுத்துவோர் வேறு. அன்று பிறந்திராத, இன்று பதினோராம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்தாம் அந்த இரண்டாம் கூட்டத்தில் இருப்பர். ஆகவே எங்கே பாதை இடுவது என்னும் முடிவில் அவர்களுக்கும் பங்குண்டு.

யாருக்கு வளர்ச்சி?

நிலையம் வந்த ஊரில் நில விலை உயர்கிறது. சொந்த வீடு உள்ளவருக்கு அது செல்வம். வாடகைக்கு இருப்பவருக்கு அது சுமை. முலாம் பூசும் பட்டறை நடத்தியவரின் மனை அலுவலகக் கட்டடமாக மாறும்போது நிலத்துக்கு உரியவர் பயனடைகிறார். அங்கே இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர் வேறு இடம் தேடுகிறார். பாதை வேலைவாய்ப்பைக் கொண்டுவருகிறது என்பது உண்மை. அந்த வேலை முன்பிருந்தவருக்கே கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அடையாற்றங்கரையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2015 வெள்ளத்துக்குப் பின்னர், சைதாப்பேட்டை உள்ளிட்ட கரையோரக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ள அச்சம் நீங்க வேண்டும் என்பது மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். வீடு கிடைத்தது, ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டு வேலைக்குச் சென்ற பெண்கள் முன்பு கால்மணி நேரம் நடந்து சென்றார்கள். இப்போது இரண்டு பேருந்துகள் மாறிச் செல்ல வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு அண்ணா நகரிலோ அடையாற்றிலோ இருக்க வேண்டியவர் நான்கு மணிக்கே புறப்பட வேண்டும். பலர் வேலையை விட்டனர். வெள்ளம் பறிக்காத வருவாயைத் தொலைவு பறித்தது.

2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். பெரும்பாக்கத்துப் பெண்களுக்கு அது பணச்செலவைக் குறைத்தது. நேரச் செலவைக் குறைக்கவில்லை. நேரத்தைக் குறைக்கத் தனிப் பாதை வேண்டும்.

அத்தகைய பாதை ஒன்று அமைக்கப்பட்டு வருகிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மொத்த நீளம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், நடுவண் அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில் கிடைத்தது. அதன் மூன்று வழித்தடங்களுள் ஒன்று மாதவரத்தில் தொடங்கிக் கோயம்பேடு, போரூர், ஆலந்தூர், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூரை அடைகிறது. அவ்வழியில் பெரும்பாக்கத்துக்கும் ஒரு நிலையம் உண்டு. அங்கே ஏறுபவர் ஆலந்தூரில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாறலாம். ஆலந்தூரை அடுத்த நிலையம் ஈக்காட்டுத்தாங்கல்.